பெரிய டாக்டர் அனுப்பினார்

தலைமை ஆய்வாளர் என்று போட்டிருந்த கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானைத் தட்டினேன். கட்டம் சிவப்பாகிவிட்டது. உங்கள் பணி வகைக்கு இந்தத் தகுதி இல்லை, துறை அலுவலகத்தை அணுகவும் என்று கீழே ஒரு வரி. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே வரி. இத்தனை வருடம் இந்தக் கட்டடத்துக்குள் உழைத்துக் கொட்டியிருக்கிறேன், ஒரு கணினி என்னைப் பார்த்து யாரம்மா நீ என்று கேட்கிறதே! பக்கத்தில் இருந்த கோப்பிக் குவளையை எட்டத் தள்ளி வைத்தேன். கைக்கு எட்டினால் எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. என் வீட்டுக்காரருக்கே விளங்க ரொம்ப நாளானது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை நிரந்தரப் பேராசிரியர்கள். இன்னொரு வகை என்னைப் போல ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறவர்கள். படித்த படிப்பு ஒன்றுதான், முறித்துக்கொள்ளும் முதுகும் ஒன்றுதான். ஆனால் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் போட வேண்டுமென்றால் பேராசிரியர் நேராகப் போய்ப் போடலாம். நாங்கள் போடுவதற்கு முன்னால், இவரைத் தலைமை தாங்க விடலாம் என்று பல்கலைக்கழகம் தனியாக ஒப்புதல் தர வேண்டும். நிதி கிடைப்பதெல்லாம் அப்புறம். இது கேட்பதற்கு வேண்டிய அனுமதி.

நான் கேட்க நினைத்தது, தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்து துவாஸ் வட்டாரக் கப்பல் பட்டறைகளில் வேலை செய்கிற ஆட்களின் சிறுநீரகத்தைப் பற்றி ஆராய. கொதிக்கும் இரும்புக்கு நடுவில் நாள் முழுக்க நின்று வியர்க்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் இல்லை, இருக்கிறது. குடிக்க மாட்டார்கள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அதற்கு ஏணியில் இறங்கி ஏற வேண்டும், மேற்பார்வையாளர் முறைப்பார். எதற்கு வம்பு என்று தொண்டையை நனைத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்களின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இதைச் சின்ன அளவில் முதலில் பார்த்தது என் பேராசிரியரின் பெயரில் இருந்த ஆய்வு. இனி அதே ஆட்களைத் தொடர்ந்து சில வருடம் கவனிக்க வேண்டும், வேலையிடத்தில் எதை மாற்றினால் நிலைமை தேறுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது பகுதி முழுக்க நான் யோசித்தது, நான் எழுதியது.

பேராசிரியர் இளவயதிலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே குடியுரிமை வாங்கியவர். கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாரும், நேற்று வந்த மாணவர்கள்கூட, அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் ‘சார்’. இந்த ஊரிலேயே, ஈசூனில், பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் பெரியவர்களைப் பெயர் சொன்னால் அம்மாவிடமிருந்து வாயிலேயே விழும். பழகிவிட்டது. சார் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நல்ல மனிதர்.

சிவந்த கட்டத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.

“எதுக்கும்மா இந்த வம்பெல்லாம்? என் பேர்ல போட்டுடலாம். உன் பேரு ரெண்டாவதா இருக்கட்டும். எப்படியும் வேலையெல்லாம் நீதான செய்யப் போற?”

“நீங்க சீக்கிரம் ரிட்டயர் ஆகப் போறீங்களே சார்.”

“ஆனா என்ன? டிபார்ட்மெண்ட்ல வேற யாராவது எடுத்து நடத்துவாங்க.”

அந்த ‘வேற யாராவது’ யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த அறையில் இருந்த இளம் பேராசிரியர். ஆய்வு தன் கைக்கு வந்தால் பரிசோதனையை எல்லாம் மறுபடி துவாஸ் தொழிலாளர் தங்குவிடுதி மருந்தகத்துக்கே மாற்றிவிடலாம், செலவு மிச்சம் என்று அவர் ஏற்கெனவே ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார். அப்படி மாற்றினால் ஒரு ஆள்கூட வரமாட்டான். நான் அந்த ஆய்வோடு சேர்ந்த மேசை நாற்காலி மாதிரி, யார் கைக்குப் போனாலும் கூடவே போக வேண்டியவள். முடியாது சார், என் பெயரில்தான் போடுவேன் என்றேன். அவர் முகம் லேசாகச் சுருங்கியது. சரிம்மா, முயற்சி பண்ணிப் பாரு என்றார்.

ஏன் வரமாட்டான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் விடுதி மருந்தகத்தில்தான் வைத்திருந்தோம். வரவே மாட்டார்கள். வந்தவர்களும் எல்லாம் நல்லா இருக்கு மேடம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். சிறுநீரகம் சரியில்லை என்று கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்களே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். தேக்கா என்றால் லிட்டில் இந்தியா, நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஞாயிறானால் அவர்கள் எல்லாரும் அங்கேதான், ஊருக்குப் பணம் அனுப்ப, காய்கறி வாங்க, கூட்டாளிகளைப் பார்க்க. சார் ஒத்துக்கொள்ளவே இல்லை. சந்தைக்கடை மாதிரி இருக்கும், எடுத்த ரத்தம் கெட்டுப்போகும், எவனும் வரமாட்டான் என்றார். வாரக்கணக்கில் சண்டை போட்டேன். கடைசியில், “உன் இஷ்டம். அப்புறம் வந்து என்கிட்ட அழாத” என்று எரிச்சலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஞாயிறு பூட்டிக் கிடக்கும் ஒரு மாடி மருந்தகத்தை நான்தான் தேடிப் பிடித்தேன். ரத்தம் எடுக்கும் தாதியும் ஐஸ் பெட்டியும் நான் ஏற்பாடு செய்ததுதான். கொஞ்ச நாளில் மாடிப்படி முழுக்க வரிசை நின்றது.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எவன் கையை நீட்டுவான்? அதனால் முதல் ஞாயிறிலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். “பெரிய டாக்டர் அனுப்பினாரு தம்பி. நான் அவர்கிட்ட வேலை பாக்கறவ” என்று ஆரம்பிப்பேன். உடனே முகம் தெளிந்து சட்டைக் கையை மடக்குவார்கள். சுவரில் ஒட்டிய சுவரொட்டியிலும் அவர் பெயரை மேலே பெரிதாகப் போட்டேன், என் பெயரைத் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. மரியாதை என்று நானே செய்துகொண்டது. சார் ஒரு ஞாயிறுகூட அந்தப் படி ஏறியதில்லை. “பெரிய டாக்டர் எப்பக்கா வருவாரு?” என்று கேட்பார்கள். வருவாரு, வருவாரு என்பேன்.

சரி, துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த இளம் பெண் தமிழ் முஸ்லிம், பொறுமைசாலி. என் விண்ணப்பத்தைத் திரையில் உருட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“அக்கா, உங்க காண்ட்ராக்ட் ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் இருக்கணும். உங்களுக்கு பாதியிலயே முடியுது. சிஸ்டம் எடுத்துக்காது லா.”

“ப்ராஜெக்ட்டுக்கு காசு வந்தாதான காண்ட்ராக்டை நீட்டுவாங்க?”

“யெஸ்.”

“காண்ட்ராக்ட் நீண்டாதான் காசு கேக்கவே விடுவீங்க?”

“யெஸ் லா.”

அடேயப்பா, என்ன நியாயம்! அவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, விதியை அவளா எழுதினாள். ஆனாலும் கோபப்பட்டேன். அவள் அதற்கும் பொறுத்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள். நிதி கிடைத்தால் ஒப்பந்தத்தை நீட்டுகிறோம் என்று துறைத்தலைவர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால் போதும், அதன்பிறகு ஒரு குழு என்னைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து முடிவு செய்யும். துறைத்தலைவர் என்னை வெளியில் உட்கார வைத்து உட்கார வைத்துக் கடைசியில் அந்த வாக்கைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார். குழு பார்ப்பது ஒரே ஒரு விஷயம்தான்: இவர் தன் மேலதிகாரி இல்லாமல் தானாக முடிவெடுக்கக் கூடியவரா? அதைச் சொல்ல உங்கள் பேராசிரியரையே அழைத்து வாருங்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர், சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

“வீட்ல என்னை இந்த வாங்கு வாங்கற. அங்க போனா ‘சரிங்க சார், ஆமாங்க சார்’. இதுல தானா முடிவெடுக்கற ஆளுன்னு அவரே வந்து சொல்லணுமாக்கும்.”

“சும்மா சாப்பிடுங்க” என்றேன். ஆனால் அவர் சொன்னது முள்ளு மாதிரி உள்ளே போய்த் தைத்துக்கொண்டது.

குழு கூடிய அறையில் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கியது. எதிரில் பேராசிரியர்கள் மூவர், நடுவில் இருந்த அம்மையார்தான் தலைவர். சாரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன். ஆய்வைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் பட்டுப் பட்டென்று பதில் சொன்னேன். அப்புறம் அம்மையார் சாரைப் பார்த்துத் திரும்பினார். இவர் சுயமாக இயங்கக் கூடியவரா, உங்கள் அனுபவம் என்ன?

சாரின் முகத்தில் பெருமை பொங்கியது. இவள் என் வலது கை என்றார். இத்தனை வருடத்தில் என்னைக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை, நான் ஒரு கோடு போட்டால் அதைத் தாண்டவே மாட்டாள், இப்படி ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். நம் வீடுகளில் ஒரு பெண்ணைப் பற்றி இதைவிட உயர்வாக யாரும் சொல்லிவிட முடியாது. அம்மையார் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். ஐயோ சார், என்னைப் புகழ்ந்தே கொல்கிறீர்களே என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஓரத்தில் இருந்தவர் எங்கள் முதல் ஆய்வைப் படித்திருந்தார். அதில் தன்னை அசத்தியது பரிசோதனை இடத்தை மாற்றியதுதான், விடுதியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது யார் முடிவு என்று கேட்டார்.

அதுவா, ஞாயிற்றுக்கிழமை அங்கே வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன் என்றார் சார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ கருத்தரங்குகளில் அவர் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். முதலில் ‘நாங்கள் யோசித்தோம்’ என்று இருந்தது, போகப் போக ‘நான் யோசித்தேன்’ ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் கீழே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். இப்போதும் ஒரு தடவை தலையாட்டிவிட்டால் எல்லாரும் சுமுகமாக எழுந்து போகலாம். ஆய்வு அடுத்த அறைக்குப் போகும். மாடிப்படியில் நின்ற ஆட்கள் பழையபடி எல்லாம் நல்லா இருக்கு மேடம் என்று தரையைப் பார்ப்பார்கள்.

“இல்லை” என்றேன்.

என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. அது என் முடிவு, இவர் அதை வேண்டாம் என்றார், நான் வாரக்கணக்கில் வாதாடினேன், கடைசியில் வந்து என்னிடம் அழாதே என்று சொல்லித்தான் சம்மதித்தார், இடமும் நாளும் ஆட்களும் நான் ஏற்பாடு செய்தவை. சொல்லி முடிக்கும்போது குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். இதைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்களே என்ற ஆத்திரம்.

சார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இவர் சொல்வது சரியா என்று அம்மையார் அவரைக் கேட்டார்.

எனக்கு அப்படி ஞாபகம் இல்லை என்றார் சார்.

வெளியே மின்தூக்கிக்காகக் காத்து நின்றோம். அவர் கதவைப் பார்த்தபடியே பேசினார்.

“நாலு பேர் முன்னாடி இப்படித்தான் பேசுவியா?”

“நாலு பேர் முன்னாடிதான சார் கேட்டாங்க.”

மின்தூக்கி வந்தது. அவர் ஏறவில்லை. நீ போ என்று கையைக் காட்டினார். தனியாக இறங்கினேன்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. தலைமை தாங்க அனுமதிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. மூத்த பேராசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். முந்திய ஆய்வின் தரவெல்லாம் அவர் பெயரில் இருப்பதால் அது என் பேராசிரியராகவே இருக்க வேண்டும். திங்கட்கிழமை நண்பகலுக்குள் அவர் தன் கணக்கில் நுழைந்து சம்மதத்தை அழுத்த வேண்டும். படித்துவிட்டுச் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

“போய் கால்ல விழுந்துடு” என்றார் வீட்டுக்காரர்.

“சொன்னது உண்மை. நான் எதுக்கு விழணும்?”

“அப்ப ப்ராஜெக்ட்டு விழும்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், மரியாதையாக, மன்னிப்பு எதுவும் கேட்காமல். படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. மறுநாள் அவர் அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. தட்டக் கையைத் தூக்கினேன். என்ன சொல்வது? நான் சொன்னது தப்பு என்றா? அதைச் சொன்னால் இந்த அனுமதிக்கு அர்த்தமே இல்லை. அப்படியே கதவை ஒரு உதை விடலாமா என்றிருந்தது. தட்டாமல் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல தேக்கா. தெருவில் மனிதத் தலையைத் தவிர வேறு தெரியவில்லை, கீழ்க் கடையிலிருந்து வெங்காயமும் மல்லிகையும் கலந்த வாசனை மேலே வந்தது. படி முழுக்க ஆட்கள். நான் பெயரைக் கூப்பிடுவதும் கைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒன்றும் இல்லை. முதல் ஞாயிறிலிருந்து வருகிற ஒரு வெல்டர், புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

“பெரிய டாக்டர் இன்னிக்காச்சும் வருவாராக்கா?”

வருவாரு என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அடக்கிக்கொண்டேன்.

“வரமாட்டாரு தம்பி. இனிமே அப்படிக் கேக்காத.”

அவன் முகம் வாடிவிட்டது. அவனை ஏன் கடித்தேன் என்று என்னையே நொந்துகொண்டு நின்றபோது, படியில் யாரோ வழி கேட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஏறிவரும் சத்தம் கேட்டது. சார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளே வந்ததும் கண்ணில் பட்ட முதல் ஸ்டூலில், தாதிக்கு எதிரே, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“இவ்வளவு படியா?” என்றார்.

நான் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினேன்.

“கோவம்மா. தூக்கம் வரல, அவ்வளவு கோவம்.”

“எனக்கும்தான் சார்.”

“நேத்து காலையில சும்மா உக்காந்திருந்தேன். திடீர்னு ஞாபகம் வந்துச்சு. ‘அப்புறம் வந்து என்கிட்ட அழாத’. என் குரல்லயே கேட்டுச்சு. நான்தான் சொன்னேன்.”

“ஆமா சார்.”

“நீ அழல.”

“இல்ல சார்.”

சொல்லும்போதே கண் கலங்கித் தொலைத்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போதா! அவர் கவனிக்காதது போலக் கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதுல எங்கம்மா அமுக்கணும்? கண்ணாடியை வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்.”

காட்டினேன். அழுத்தினார். வழிகாட்டி சம்மதம் தந்தார் என்று பச்சையில் ஒரு வரி வந்தது. அதே கட்டம்தான், சிவந்து கிடந்த கட்டம். அதில் என் பெயர் இருந்தது.

வெல்டர் பையன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். இனிமேல் கேட்காதே என்றதை மறந்துவிட்டான்.

“அக்கா, இவருதான் பெரிய டாக்டரா?”

படியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சார் பழக்கத்தில் ஒரு கணம் முதுகை நிமிர்த்தினார். பிறகு சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி மேலே பெரிதாக இருந்தது அவர் பெயர். என் பெயரைத் தேடினார் என்று நினைக்கிறேன், தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கீழே பார்த்தார்.

“பெரிய டாக்டர் இவங்கதாம்பா” என்றார். “நான் இவங்ககிட்ட வேலை பாக்கறவன்.”

“சும்மா சொல்லாதீங்க சார்” என்று படியில் யாரோ சிரித்தார்கள்.

தாதி ஊசியைப் பிரித்துவிட்டுக் காத்திருந்தார். அடுத்த ஆள் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நின்றான், உட்கார இடமில்லை.

“சார், அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருங்க. அது ரத்தம் குடுக்கறவங்களுக்கு.”

அவர் சட்டென்று எழுந்தார். எங்கே நிற்கட்டும் என்று கேட்டார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்து மூலையைக் காட்டினேன். அங்கே போய் நின்றார்.